கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே

1

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் புதுச்சேரியிலிருந்து அண்ணனின் அழைப்பு. என் அண்ணன் நலம் விசாரிப்பதற்காகப் போன் செய்கிறவன் அல்ல. தட்டாஞ்சாவடியில் கேட், ஜன்னல் கிரில் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறான். நாள் முழுக்க வெல்டிங் சத்தத்தில் நிற்பதாலோ என்னவோ, தங்கையிடமும் ஆர்டர் எடுக்கிற மாதிரிதான் பேசுவான். எத்தனை அடி, எத்தனை அங்குலம், எப்போது வேண்டும்.

“ஜெனி வளந்துட்டா. அந்தச் சீட்ட எப்ப எடுக்கலாம்? அளவு சொல்லு” என்றான்.

ஜெனி அவன் மகள், எட்டு வயது. அந்தச் சீட்டு என்றது காரில் பிள்ளைகளுக்கு அடியில் வைத்து உயர்த்தி உட்கார வைக்கிற பூஸ்டர் சீட்டை. பெரியவர்களுக்கென்று தைத்த பெல்ட் பிள்ளையின் கழுத்தை அறுக்காமல் தோளில் வந்து விழுவதற்காக அது. சின்ன விஷயம்தான். ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டதும் கோட்டை மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே சீட்டுக்காக இதே அண்ணனோடு முகத்தை முறித்துக்கொண்டு, காரில் ஏற மாட்டேன் என்று நடுத்தெருவில் நின்றவள் நான்.

வேடிக்கை என்னவென்றால், அன்று காலையில்தான் என் மகள் க்ளாரா தன்னுடைய சீட்டைக் காரிலிருந்து உருவிக் கொண்டுவந்து வாசலில் வைத்திருந்தாள். அவளுக்குப் பத்து முடிந்துவிட்டது. நாங்கள் இருக்கும் பிரான்சில் சட்டம் பத்து வயதோடு விட்டுவிடுகிறது. “முடிஞ்சிது மம்மோ” என்றாள். அவள் தமிழில் எல்லா வாக்கியமும் இப்படித்தான், பாதியில் பிரெஞ்சுக்காரியாகிவிடும்.

2

என் உயரத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் குறிப்பில் பாதி விளங்காது. நாலடி ஏழங்குலம். பட்டுப்புடவை கட்டிக் கொண்டை போட்டால் இன்னும் இரண்டு அங்குலம் சேரும்.

புதுச்சேரியில், நெல்லித்தோப்பில் இருந்தவரை இதற்கு யாரும் அளவுநாடா எடுத்ததில்லை. எல்லோரும் வாயாலேயே அளந்தார்கள். டெம்போவில் ஏறினால், “நீ சின்ன உருவந்தான, நடுவுல இடிச்சிக்கினு உக்காரு” என்பார்கள். கல்யாணத்துக்கு வேன் பிடித்தால் எனக்கு எப்போதும் இஞ்சின் மூடிதான் இடம். கல்லூரிக்குப் போகிற வயதிலும் பெரியம்மா ஒருத்தி என்னை மடியில் உட்கார வைத்துக்கொண்டு வேளாங்கண்ணி வரைக்கும் போயிருக்கிறாள். எனக்கென்று ஓர் இருக்கை வேண்டும் என்று கேட்க எனக்கே தோன்றியதில்லை.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். பாரிசிலிருந்து தெற்கே ரயிலில் இரண்டு மணி நேரம். என் கணவரின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அந்த வழியில் வந்த குடியுரிமை. வந்து ஒன்பது வருடம் பேருந்திலேயே ஓட்டினேன். முதியோர் இல்லச் சமையலறையில் எனக்கு வேலை. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் பேருந்து கிடையாது என்று ஆனபிறகுதான் கார் ஓட்டப் படிக்கப் போனேன்.

ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் பெயர் கொலேத். வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய். முதல் நாள் நான் சீட்டை முன்னால் இழுத்து, இழுத்து, நெஞ்சு ஸ்டியரிங்கில் முட்டும்வரை இழுத்து, “ரெடி” என்றேன். கால் எட்ட வேண்டாமா? கொலேத் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். ஸ்டியரிங்குக்குள்ளே ஒரு பை மடித்து வைத்திருக்கிறது, மோதினால் அது கண் சிமிட்டும் நேரத்தில் வெடித்து வெளியே வரும், நீ இப்படி ஒட்டி உட்கார்ந்தால் உன்னைக் காப்பாற்ற வருகிற பையே உன் நெஞ்செலும்பை உடைத்துவிடும் என்றாள். தன் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் காட்டி, இவ்வளவு தூரமாவது இருந்தாக வேண்டும் என்றாள். பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள். அது சரியாக என் குரல்வளையில் வந்து நின்றது.

நான் அவ்வளவுதான் என்று நினைத்தேன். குள்ளச்சிக்கு என்ன கார் என்று மனசுக்குள் எங்கள் தெருவே சிரித்தது. கையைப் பிசைந்துகொண்டு மன்னிப்புக் கேட்டேன். என் உயரத்துக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்பதே அவளுக்குப் புரியவில்லை. இதில் உன் தப்பு என்ன இருக்கிறது, காரைத்தான் உன் அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டு, அடுத்த மிட்டாயைப் பிரித்தாள்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக இந்த நாட்டின் பனியையும், உப்பில்லாத பீன்ஸையும் நான் மன்னித்துவிட்டேன்.

3

மன்னிக்க முடியாதது காகிதம். பெடலை நீட்டி வைக்க வேண்டும், சீட்டை உயர்த்த வேண்டும் என்றால், நான் குள்ளம் என்று ஒரு மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எல்லா மருத்துவரும் எழுத முடியாது, அரசாங்கப் பட்டியலில் இருப்பவர்தான் எழுதலாம். அவரைப் பார்க்க மூன்று மாதம் காத்திருந்தேன். அவர் என்னைச் சுவரோரம் நிற்கவைத்து அளந்தார். பிறகு நம்பாமல் இன்னொரு முறை அளந்தார். கேள்விகள் கேட்டார். எப்போதிலிருந்து இப்படி என்றார். பிறந்ததிலிருந்து என்றேன். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்றார். அம்மாவுக்கு உண்டு, அண்ணன் மட்டும் தப்பித்துவிட்டான் என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். கடைசியில் முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, இந்தப் பெண்மணி உயரம் குறைந்தவர் என்று ஒரு தாள் கொடுத்தார். நெல்லித்தோப்பில் இதைக் காசு வாங்காமல், காத்திருக்க வைக்காமல், முகத்துக்கு நேரே சொல்வார்கள்.

ஆனால் அந்தத் தாளுக்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். ஒரு மெக்கானிக் வந்து என்னைச் சீட்டில் உட்காரவைத்து, தையற்காரன் மாதிரி அளவெடுத்தான். இடுப்பிலிருந்து முட்டி, முட்டியிலிருந்து பாதம், இடுப்பிலிருந்து தோள். பெடலுக்குக் கட்டை பூட்டி நீட்டினார்கள். சீட்டை முறைப்படி உயர்த்திப் பின்னால் தள்ளினார்கள். பெல்ட் கழுத்தை விட்டு இறங்கி, கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவே வந்து உட்கார்ந்தது. கண்ணாடியில் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வண்டியில் எனக்கென்று ஓர் இடம்.

அடுத்த வருடம் ஒரு கார்த்திகை மாதத்து மழையில், ரவுண்டானாவில் நிற்காமல் வந்த வேன் ஒன்று என் காரின் மூக்கில் மோதியது. கொலேத் சொன்ன பை வெடித்து வெளியே வந்தது. ஊசிப்பட்டாசு வாசனை, வெள்ளைப் புழுதி. மணிக்கட்டில் கொஞ்சம் தோல் போயிருந்தது. நெஞ்சுக்குக் குறுக்கே பூணூல் போட்ட மாதிரி ஊதா நிறத்தில் கன்றிப்போன ஒரு கோடு. அவ்வளவுதான். தீயணைப்புப் படைக்காரர் ஒருவர் என் சீட்டையும் ஸ்டியரிங்கையும் மாறி மாறிப் பார்த்தார். உங்களை இந்த இடத்தில் உட்காரவைத்தவர் யாரோ, அவரைப் போய்ப் பாருங்கள் மதாம் என்றார்.

பார்த்தேன். ஒரு டப்பா அதிரசம் செய்து எடுத்துக்கொண்டு போனேன். கொலேத் அதைத் தட்டில் வைத்து, கத்தியும் முள்கரண்டியும் கொண்டு வெட்டிச் சாப்பிட்டாள். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் போகிறேன். இப்போதெல்லாம் அவளே கையால்தான் எடுக்கிறாள்.

4

அந்த விபத்துக்குப் பிறகு எனக்குக் காரில் உட்காரும் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் கழுத்தும் தோளும்தான் கண்ணில் படும். ஜெனிக்கு அப்போது நாலு வயது. அண்ணன் கார் வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். ஊருக்குப் போகிற ஒருவரைக் கெஞ்சிக் கூத்தாடி, பின்னால் உதவும் என்று ஒரு பூஸ்டர் சீட்டைக் கொடுத்தனுப்பினேன். எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதவில்லை. சீட்டைப் பார்த்தால் தெரியாதா என்று நினைத்தேன். அது என் தப்பு.

இரண்டு வருடம் கழித்து, ஆடி மாதத்தில், க்ளாராவோடு ஊருக்குப் போனேன். கணவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்தால் அண்ணி பின்கட்டில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். உட்கார்ந்திருந்தது நான் அனுப்பிய பூஸ்டர் சீட்டின் மேல்.

“ரொம்ப ஒத்தாசையா இருக்குதும்மா” என்றார், எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு. “முட்டி வலிக்கு இந்த ஒசரந்தான் சரியா இருக்குது. நீ நெனச்சி அனுப்பினியே.”

அண்ணிக்கு முட்டிவலி என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இவ்வளவு நன்றியோடு பேசுகிறவரிடம் அது உங்களுக்கு அல்ல என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு நெத்திலி வறுவலைச் சாப்பிட்டேன்.

மறுநாள் நோணாங்குப்பம் போய்ப் படகில் ஏறுவதாக ஏற்பாடு. அண்ணன் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சாமியார் மந்திரித்துக் கொடுத்த ஜெபமாலை கண்ணாடியில் தொங்கியது. அதே காரின் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிய கறையும் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்பது எங்கள் குடும்பத்தின் கொள்கை. புதிதாகத் தைத்துப் போட்ட சீட் கவர், மெரூன் நிறத்தில், பொன் நூல் ஓரம் வைத்தது. அண்ணன் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

“நீ முன்னாடி உக்காரு. ஜெனிய மடியில வெச்சிக்க.”

இதை ஊரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இஞ்சின் மூடியில் உட்கார்ந்து வளர்ந்த தங்கைக்கு அண்ணன் முன் சீட்டைக் கொடுக்கிறான், மடியில் தன் மகளையும் கொடுக்கிறான். அதைவிடப் பெரிய மரியாதை அவனிடம் இல்லை.

நான் உள்ளே பார்த்தேன். ஓட்டுகிறவனின் பெல்ட்டும் பக்கத்துச் சீட்டின் பெல்ட்டும் சீட்டுக்குப் பின்னால் சுற்றிப் பூட்டப்பட்டிருந்தன, வண்டி கீச் கீச் என்று கத்தாமல் இருப்பதற்காக. பின் சீட்டில் பெல்ட் தொங்கியது, அதைப் பூட்டுகிற பக்கிளைக் காணவில்லை. அசிங்கமாகத் துருத்திக்கொண்டிருக்கிறது என்று கவருக்கு அடியில் வைத்தே தைத்துவிட்டார்கள்.

பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பக்குவம் வராது. மடியில் வைத்த பிள்ளைக்கு எதிரே அந்தப் பை வெடித்தால் என்ன ஆகும் என்று வாசலில் நின்றே சொன்னேன். மோதினால் என் எடை முழுவதும் அவள் மேல்தான் விழும், இவளென்ன எனக்குத் தலையணையா என்றும் கேட்டேன். நல்ல நாளும் அதுவுமாக, புது வண்டியின் முன்னால், பிள்ளையைக் காட்டி. அண்ணியின் முகம் செத்துவிட்டது. அண்ணன் கதவைப் பிடித்தபடியே நின்றான்.

“தோ இருக்குது நோணாங்குப்பம். பத்து நிமிஷம். இதுக்கு இன்னா கட்டிப்போடறது?”

அப்போது க்ளாரா தன் பங்குக்கு வந்தாள். “மாமா, நீ பெல்ட் போடு. நீ போடலன்னா நான் வரமாட்டேன்.”

நீ. பெற்ற தாயான எனக்கே சுருக்கென்றது. ஆனால் அவள் எங்கே கற்றிருப்பாள்? நான் அவளிடம் பேசுகிற தமிழைக் கேட்டுத்தான் அவள் தமிழ் படித்தாள். நான் அவளை நீ என்கிறேன், அவளும் உலகத்தையே நீ என்கிறாள். நீங்க என்பது அவள் காதுக்குள் போனதே இல்லை. அண்ணன் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பிரான்சுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து தன்னைத் தெருவில் நிறுத்தி வைத்துப் பேசுகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டான்.

நானும் க்ளாராவும் பஸ்ஸில் வருகிறோம் என்றேன்.

“பஸ்ல பெல்ட் இருக்குதா?” என்றான் அண்ணன்.

கேட்டது நியாயம்தான். ஆனாலும் கோபத்துக்குக் கால் முளைத்துவிட்டால் அது நின்று யோசிப்பதில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன்.

கடலூர் சாலையில், முருங்கப்பாக்கம் தாண்டி, அண்ணன் கார் எங்கள் பஸ்ஸைக் கடந்து போனது. முன் சீட்டுகள் இரண்டுக்கும் நடுவே ஜெனி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை அப்பாவின் தோளில். அவள் முகத்துக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. பஸ் ஜன்னலில் என்னைக் கண்டுபிடித்துவிட்டு, அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே கையாட்டியது. நான் திருப்பிக் கையாட்டினேன். அவளுக்கு ஏதாவது ஆனால், சரியாகச் சொல்லத் தெரியாமல் கோபித்துக்கொண்டு பஸ் ஏறிய அத்தை என்ற பெயர் எனக்கு மிஞ்சும் என்று நினைத்தேன். அந்தப் பத்து நிமிடம் நான் வேண்டிக்கொண்ட மாதிரி கோவிலில் கூட வேண்டிக்கொண்டதில்லை.

5

என் இடது குதிகாலில் ஒரு பள்ளம் இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அண்ணன் சைக்கிளின் கேரியரில் உட்கார்ந்து போனேன். கால் தொங்கி, சக்கரத்துக் கம்பிக்குள் போய்விட்டது. அண்ணனுக்குப் பதினைந்து வயது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தான். என்னைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினான். அப்பா அவனைத் திட்டவில்லை. அவனே ஒரு வாரம் சைக்கிளைத் தொடவில்லை.

காயம் ஆறியதும் என்னைக் கேரியரில் உட்காரவைத்து, ஒரு சணல் நூலால் என் முட்டியிலிருந்து பாதம் வரைக்கும் அளந்தான். பின்னால் உட்காருகிறவர் கால் ஊன்றிக்கொள்ளக் கடையில் விற்கிற கால்மிதி என் காலுக்கு எட்டாது, அது மற்ற பிள்ளைகளின் அளவு. பட்டறையில் கேட்டு வாங்கிய இரண்டு துண்டுக் கம்பியை வளைத்து, அந்த நூல் அளவுக்கு எனக்கென்று கால்மிதி வைத்தான். சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் தகரம் அடித்தான். மதியம் பள்ளிவிட்டு வரும்போது நான் தூங்கிவிழுவேன் என்பதால், அப்பாவின் துண்டால் என் இடுப்பையும் தன் இடுப்பையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓட்டினான். மூட்டை கட்டிக்கொண்டு போகிறான் என்று அவன் சிநேகிதர்கள் கேலி செய்தார்கள். அவன் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு நான் நெல்லித்தோப்பு வரைக்கும் தூங்குவேன்.

இதையெல்லாம் நான் மறக்கவில்லை. ஆனால் கொலேத்துக்கு அதிரசம் கொண்டுபோன எனக்கு, அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

அன்று நோணாங்குப்பம் படகுத்துறையில் ஒருவர் எல்லோருக்கும் மிதவை ஜாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜெனிக்குக் கொடுத்தது பெரியவர்களுடையது. போட்டதும் அவள் கன்னம் வரைக்கும் ஏறி நின்றது. அண்ணன் அதைக் கழற்றித் திருப்பிக் கொடுத்து, இது பிள்ளைக்குப் பெரிசு, தண்ணியில் விழுந்தால் இது மேலே மிதக்கும் பிள்ளை கீழே போய்விடும், சின்னதாகக் கொடுங்க என்றான். அந்த மனிதர் அலுப்போடு சொன்னார், சும்மா கட்டிவிடுங்க சார், அந்தாண்ட கரைக்குப் பத்து நிமிஷந்தான் என்று.

“பத்து நிமிஷத்துல புள்ள முழுவாதா?” என்றான் அண்ணன்.

சொன்ன கணமே நின்றுவிட்டான். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். என் பக்கம் திரும்பவில்லை. யாரோ உள்ளேயிருந்து சின்ன ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அண்ணன் மண்டியிட்டு உட்கார்ந்து அதை ஜெனிக்குப் போட்டு, வாரை இழுத்து, விரல் நுழைகிறதா என்று பார்த்து, இன்னும் கொஞ்சம் இழுத்து முடிச்சுப் போட்டான். முடிச்சுப் போடுகிற அந்தக் கை எனக்குத் தெரிந்த கை.

“அண்ணே” என்றேன். “அன்னிக்கி என்னத் துண்டால கட்டினியே. அதத்தான் நான் கேக்கறேன்.”

அவன் எழுந்து முட்டியிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டான். படகில் எல்லோரும் பேசினார்கள், அவன் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தான். திரும்பும்போது எங்களோடு பஸ்ஸில் ஜெனியையும் அண்ணியையும் ஏற்றிவிட்டு, வெறும் காரை ஓட்டிக்கொண்டு தனியாக வந்தான்.

6

மறுநாள் காலையில் காப்பி குடித்ததும், “வா, பட்டறைக்குப் போலாம்” என்றான். க்ளாராவும் ஜெனியும் நாங்களும் என்று தொற்றிக்கொண்டார்கள். அவர்களை அண்ணன் ஆட்டோவில் ஏற்றி என்னோடு அனுப்பிவிட்டு, காரில் பின்னாலேயே வந்தான். ஆட்டோவில் மட்டும் பெல்ட் இருக்கிறதா என்று அன்றைக்கு அவன் கேட்கவில்லை.

பட்டறை வாசலில் காரை நிறுத்தி, பிளேடு எடுத்து, அந்த மெரூன் கவரைத் தானே அறுத்தான். பொன் நூல் அறுந்து தொங்கியது. உள்ளேயிருந்து பக்கிள்கள் ஒவ்வொன்றாக, கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வருகிற பிள்ளைகள் மாதிரி வெளியே வந்தன. பக்கத்துக் கடையில் கவர் தைப்பவரைக் கூப்பிட்டு, அறுத்த ஓரத்தை மடித்துத் தைக்கச் சொன்னான். பின் சீட்டுக்கு இப்படி யாருமே கேட்டதில்லை சார் என்றார் அவர். “நான் கேக்கறேன்” என்றான்.

என்னை முன் சீட்டில் உட்காரச் சொன்னான். பெல்ட்டை இழுத்தேன். கொலேத்தின் வண்டியில் முதல் நாள் நின்ற அதே இடத்தில், குரல்வளையில், வந்து நின்றது. அண்ணன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். மேலே ஒரு இரும்புப் பட்டை வைத்து இறக்கிவிடட்டுமா என்று கேட்பான் என்று பயந்தேன். வெல்டிங் எல்லாம் கூடாது அண்ணே என்று முந்திக்கொண்டேன்.

“தெரியும்மா. லோடு தாங்குற எடத்துல கை வெக்கக் கூடாது” என்றான்.

கதவோரத் தூணில், பெல்ட் தொங்குகிற இடத்தில், ஒரு சின்னப் பொத்தான் இருக்கும் என்று சொன்னேன். தடவிப் பார்த்தான். அழுத்தினான். பெல்ட்டின் மேல்முனை சறுக்கிக்கொண்டு மூன்று விரல் இறங்கியது. வார் என் கழுத்தை விட்டு நகர்ந்து தோளில் விழுந்தது. அண்ணன் அதை மேலே ஏற்றினான், இறக்கினான், மறுபடி ஏற்றினான். தன் சொந்தக் காரில் தனக்குத் தெரியாமல் ஒன்று இருந்ததை அவனால் தாங்க முடியவில்லை.

“இது மொதல்லேர்ந்தே இங்கதான் இருந்துதா?” என்றான்.

அதற்குள் அண்ணி வீட்டிலிருந்து அந்தப் பூஸ்டர் சீட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார். புளி போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தும் நெத்திலி வாசனை போகவில்லை. ஜெனி மூக்கைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள். க்ளாரா பிரான்சிலிருந்து தூக்கி வந்திருந்த தன்னுடையதில் உட்கார்ந்து, கீழ்வார் வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் கிடக்க வேண்டும் என்று தன் இடுப்பைத் தட்டிக் காட்டினாள். அதற்கு அவளுக்குத் தமிழ் தேவைப்படவில்லை. ஜெனியும் தட்டிப் பார்த்துக்கொண்டாள். அண்ணன் பட்டறைக்குள் போய்ச் சணல் நூல் கொண்டுவந்து, மகளின் இடுப்பிலிருந்து தோள் வரைக்கும் அளந்து, முடிச்சுப் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். எதற்கு என்று கேட்டேன். வளருவாளே, பார்க்க வேண்டாமா என்றான்.

அண்ணிக்கு அதே உயரத்தில் இரும்புக் கால் வைத்து ஒரு மணை அன்றைக்கே செய்து முடித்தான்.

பிரான்சுக்குத் திரும்புகிற அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சென்னைக்குக் கிளம்பினோம். முன் சீட்டு எனக்கு. அண்ணனே சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, பொத்தானை அழுத்தி வாரை இறக்கிவிட்டு, தன் பெல்ட்டையும் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்துப் பூட்டிக்கொண்டான். மரக்காணம் தாண்டியது எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது விமான நிலையத்துக்குத் திரும்பும் சாலை வந்துவிட்டது. தலை வாரில் சாய்ந்து, கன்னத்தில் கோடு விழுந்திருந்தது.

“அப்படியேதான் தூங்கற” என்றான் அண்ணன்.

7

இப்போது ஞாயிற்றுக்கிழமைக் கேள்விக்கு வருகிறேன். சீட்டை எப்போது எடுக்கலாம்?

வயதைப் பார்க்காதே, பிள்ளையைப் பார் என்றேன். சீட்டு இல்லாமல் உட்காரவை. முதுகு முழுக்கப் பின்னால் ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டி உட்கார்ந்தால் முட்டி சீட்டின் விளிம்பில் மடங்க வேண்டும். கீழ்வார் இடுப்பெலும்பில், மேல்வார் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே. போகிற வழி முழுக்க அவளால் அப்படியே இருக்க முடிய வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் சீட்டு வேண்டும்.

இரு என்றான். போனைக் காரின் கூரையில் வைத்தான் போலிருக்கிறது, கதவு திறக்கும் சத்தம் கேட்டது. “ஒட்டி உக்காருடி. இன்னும் பின்னால” என்றான். ஜெனி ஏதோ சொல்லிச் சிரித்தாள். பெல்ட் ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொண்டது. பிறகு வந்தான்.

“முட்டி வரல. ரெண்டு விரல் கொறையுது. இருக்கட்டும், அடுத்த வருசம் பாப்போம்.”

க்ளாரா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன், வாசலில் கிடந்த அவள் சீட்டைப் பார்த்தேன். சட்டம் விட்டுவிட்டது, முட்டி விட்டதா என்று நாங்கள் அளக்கவே இல்லை. அவள் முகத்தைச் சுளித்தாள். சீட்டை எடுத்துக்கொண்டு காருக்குப் போனாள். அளந்து பார்த்துவிட்டுத்தான் திரும்பி வருவாள், என் மகள்தானே.

போனை வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வேலை முடிந்தால் சொல்லாமல் வைத்துவிடுகிறவன். வைக்கவில்லை.

“நீ எப்படி உக்கார்ற?” என்றான். “உன் முட்டி வருதா?”

நாற்பது வயதைத் தாண்டிய பெண் நான். அரசாங்க மருத்துவர் அளந்தார், மெக்கானிக் அளந்தான், கொலேத் அளந்தாள், எல்லோருக்கும் நான் கடன்பட்டவள். ஆனால் முதலில் என் காலுக்கு நூல் பிடித்தவன் கேட்கிறான்.

“வருதுண்ணே” என்றேன். “எனக்குன்னு அளவெடுத்துதான் வெச்சிருக்காங்க.”

“கழுத்துல படலியே?”

“படல.”

“சரி” என்றான். வைத்துவிட்டான்.